மண்ணெண்ணெய் குடித்த வேன்

முக்திநாத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் பெருமாளைப் பார்க்கப் போவார்கள். நான் என் வீட்டுக்காரரை எங்கள் வேனோடு மேலே கொண்டுபோய் நிறுத்துவதற்காகப் போனேன். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கருடனை வாகனமாக வைத்திருக்கிறவருக்கு வண்டி வைத்திருப்பவர்களின் கஷ்டம் தெரியாமலா இருக்கும்?

என் பெயர் பேச்சியம்மாள். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். வீட்டுக்காரர் சுடலைமுத்து, இருபது வருஷத்துக்கு மேல் யாத்திரை வேன் ஓட்டியவர். திருநெல்வேலிச் சீமையில் பாதிப் பேர் காசிக்கும் பத்ரிக்கும் போய்வந்தது எங்கள் டீசல் வேனில்தான் என்று அடித்துச் சொல்வேன். நேபாளத்தில் மட்டும் அவருக்கு ஒரு குறை. முக்திநாத்துக்குப் போகிற வழியில் பொக்ராவோடு வேனை நிறுத்திவிடச் சொல்வார்கள். அதற்கு மேலே குளிர், உங்கள் ஊர்ப் பழைய டீசல் வண்டி காலையில் கிளம்பாது என்பார்கள் அந்த ஊர் ஜீப்காரர்கள். பயணிகள் ஜீப்பில் ஏறி மேலே போவார்கள். இவர் கீழே வேனுக்குக் காவல் இருப்பார். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதே, அடுத்த மட்டம் நம்ம வண்டியே மேல போவும் என்பார்.

ஒருநாள் காலையில் அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் போயின. நாக்கு மட்டும் தப்பித்தது. அந்த நாக்கோடுதான் நான் இத்தனை வருஷம் குடித்தனம் செய்கிறேன். ஆனால் அடுத்த மட்டம் என்ற பேச்சை மட்டும் அந்த நாக்கு அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை. அவர் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

ஆழ்வார்திருநகரி ரெங்கநாயகி டீச்சர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், முக்திநாத்துக்கு ஒரு குழு சேர்த்துக்கொண்டு வந்து கேட்டபோது நான் இரண்டே நிபந்தனை சொன்னேன். பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் என் வீட்டுக்காரருக்குக் கட்டில் போடுவேன். வேன் பொக்ராவில் நிற்காது, மேலே வரை போகும். நிமிர்ந்து உட்கார வைத்தால் அவர் சரிந்துவிடுவார். அந்த மலை ரோட்டில் ஜீப்பில் அவரைக் கொண்டுபோக வழியே இல்லை. எங்கள் வேன் போனால்தான் அவர் போக முடியும். டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்றார்.

மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் தாவூது பாயிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். என் வீட்டுக்காரருக்கு வாலிப நாளிலிருந்து சேக்காளி. டீசல் என்ஜின் குளிரில் எழும்ப வேண்டுமென்றால் உள்ளே ஹீட்டர் பிளக் வேலை செய்ய வேண்டும். சாவியை ஒரு திருப்புத் திருப்பிக் கொஞ்சம் பொறுத்தால் அது சூடாகி டீசலைப் பற்றவைக்கும். எங்கள் வண்டியில் நாலு பிளக்கும் செத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வயரையே வெட்டி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். வெட்டியவர் யார் என்று கேட்டேன். பாய் கூச்சப்படாமல், தான்தான் என்றார்.

"நம்ம ஊர்ல எதுக்கு மைனி ஹீட்டரு? நாம நிக்குத எடமே அடுப்புல்லா" என்றார்.

புது பிளக் போட்டார். பெரிய பேட்டரி வைத்தார். கெட்டியான ஆயிலை வடித்துவிட்டு இளசான ஆயில் ஊற்றினார். ரேடியேட்டரில் இருந்த தாமிரபரணித் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பச்சை நிறத்தில் ஏதோ கூலன்ட் ஊற்றியபோது, பட்டறை வாசலில் ஆட்டோவில் சாய்த்துக் கிடத்தியிருந்த என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வண்டிக்கு ஆற்றுத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் காட்டியதில்லை.

எல்லாம் செய்தாயிற்று. குளிரில் கிளம்புமா என்று எங்கே போய்ப் பார்ப்பது? எங்கள் ஊரில் மார்கழி விடியலில்கூட ஒரு துண்டைத் தலையில் கட்டினால் போதும். பாய்தான் அந்த யோசனையைச் சொன்னார். மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனிக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனோம். எங்கள் வேனில் என்ஜின் முன்சீட்டுகளுக்கு நடுவே இருக்கும். மூடியைக் கழற்றினோம். பாளம் பாளமாக ஐஸை உடைத்துச் சாக்கில் கட்டி என்ஜினைச் சுற்றி அடைத்தோம். மேலே உமியைக் கொட்டித் தார்ப்பாயால் மூடினோம். ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தது. விடிந்து பார்த்தால் டீக்கடைக் கூட்டம் அத்தனையும் வேனைச் சுற்றி நிற்கிறது. வேனுக்குக் காய்ச்சலா என்று கேட்டார் ஒருவர். சாவியைத் திருப்பி, பொறுத்து, செல்ஃப் அடித்தேன். முதல் தடவை முக்கியது. இரண்டாம் தடவை வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது பாருங்கள், கூட்டம் கைதட்டியது. எனக்குத் தலை கால் புரியவில்லை. பாய் அல்ஹம்துலில்லாஹ் என்றார். என் வீட்டுக்காரர் மட்டும், ரெண்டாவது செல்ஃபுக்குத்தானே எடுத்தது என்றார்.

ஒன்றை மறந்துவிட்டோம். அந்தச் சாக்குகள் அதற்கு முன்பு மீன் சுமந்த சாக்குகள். வேனை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாளை வாடை போகவில்லை. ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டுவதற்குள் டீச்சர் மூக்கைச் சுளித்து, ஏம்மா பேச்சி, போன சவாரி கருவாடா என்று கேட்டார். ஐஸ் கதையைச் சொன்னேன். திருமண் இட்ட அத்தனை பேரும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆந்திராவுக்குள் போன பிறகுதான் வாடை அடங்கியது.

வடக்கே போகப் போக, பொம்பளை டிரைவரைப் பார்க்க டீக்கடைகளில் ஆட்கள் எழுந்து வந்தார்கள். ஒரு லாரி டிரைவர், எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். கன்னியாகுமரிக்குப் பக்கம் என்றேன். அவர் தன் ஆட்களைக் கூப்பிட்டு, தரை முடிகிற இடத்திலிருந்து இந்த அம்மா ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று சொல்லி எங்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பின்னால் கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் விடாமல் உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். மூணுல போடு, பிரேக்கை அழுத்தாதே, லாரிக்குப் பைய வழி விடு. எனக்குக் கோபம் வந்தால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன்.

சமையலுக்கு வந்திருந்த கோமு அக்கா களக்காட்டுக்காரர். எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் அரை மணியில் அடுப்பு மூட்டிவிடுவார். கோரக்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்திரத்தில் அவர் சொதி வைத்தார். பக்கத்து அறை வங்காளிகள் வந்து எட்டிப்பார்த்து, மஞ்சளாக இருக்கிறதே, பாயசமா என்று கேட்டார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தோம். தேங்காய்ப்பாலில் காய்கறியா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே சோற்றில் ஊற்றி வழித்துச் சாப்பிட்டார்கள்.

நேபாளத்துக்குள் போனதும் தினமும் பருப்பும் சோறும்தான். ஆனால் அவர்கள் பரிமாறுகிற அழகுக்கு நம் ஊர்க் கல்யாணப் பந்தி பிச்சை வாங்க வேண்டும். தட்டு காலியாவதற்குள் வந்து நிற்பார்கள். போதும் என்று கையால் மறைத்தால் விரல் இடுக்கில் சோற்றை வைத்துவிட்டுப் போவார்கள். மலை ஏற ஏறக் கோமு அக்காவுக்குத்தான் அவமானம். அரிசி வேகவே மாட்டேன் என்றது. அம்பாசமுத்திரம் அரிசியை நான் குறை சொல்ல விடமாட்டேன் என்று அவரும், உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், சூடு பற்றாது என்று டீச்சரும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் குக்கரில் வைத்ததும் வெந்தது. அரிசியைக் குறை சொல்லவில்லையே, அது போதும் என்றார் கோமு அக்கா.

கண்டகி ஆற்றைப் பார்த்ததும் எங்கள் குழு வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டது. சாளக்கிராமம் கிடைக்கிற ஆறு. எல்லாரும் இறங்கிக் கறுப்புக் கல் பொறுக்கப் போனார்கள். எனக்கு ஆறு என்றால் படித்துறை இருக்க வேண்டும், துணி துவைக்கிற சத்தம் கேட்க வேண்டும், ஒரு மருதமரமாவது நிழல் கொடுக்க வேண்டும். இது சாம்பல் கரைத்த மாதிரி, மரமும் இல்லாமல் மனுஷரும் இல்லாமல் பெரும் அகலத்துக்கு ஓடியது. என்ன ஆறோ என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த இடம் வரைக்கும் நான் வந்ததில்லை என்று மட்டும் சொன்னார். பொக்ராவைத் தாண்டிவிட்டோம் என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு, அதற்கப்புறம் அன்றைக்கு ரேடியோவைச் சத்தமாக வைக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காற்று எழும்புகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி மாதம் வண்டி ஓட்டியவளுக்கே கை வலித்தது. மண்ணை அள்ளிக் கண்ணாடியில் அடிக்கிறது. மத்தியானத்துக்கு மேல் மேலே போகிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று வழியெல்லாம் சொன்னார்கள்.

ஜோம்சோமில் டயருக்குக் காற்றுப் பார்க்க நிறுத்திய டீசல் பங்க்கில்தான் நான் வாயைக் கொடுத்தேன். அடிவாரத்திலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு, கூடக் கேனிலும் பிடித்து வைத்திருந்தேன். மலை டீசலை எவன் நம்புவான்? அங்கே இருந்த ஆள் எங்கள் வேன் நம்பரைப் பார்த்துவிட்டு ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, டேங்க்கில் கொஞ்சம் மட்டிதேல் ஊற்றட்டுமா என்று கேட்டார். மட்டிதேல் என்றால் மண்ணெண்ணெய். எனக்கு வந்ததே ஆத்திரம்!

எங்கள் ஊரில் டீசல் வண்டிக்காரனிடம் மண்ணெண்ணெய் என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவான். கலப்பட டீசலில் பம்பு போய் நடுரோட்டில் நின்றவர்கள் எத்தனை பேர். என் வீட்டுக்காரர் புதுப் பங்க்கில் போட்டால் ஒரு சொட்டைக் கையில் தேய்த்து மோந்து பார்த்துவிட்டுத்தான் டேங்க்கைத் திறக்க விடுவார். இந்த வண்டிக்குள் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் போனதில்லை என்பது எங்கள் வீட்டுக் கௌரவம். அதனால் அந்த ஆளைத் தமிழிலேயே நன்றாகக் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல், ராத்திரி குளிருமே என்று மெதுவாகச் சொல்லிக் கேனைத் திரும்பக் கொண்டுபோனார். சரியாச் சொன்னட்டி என்றார் கட்டிலில் இருந்தவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைச் சரி என்று சொன்ன ஒன்றிரண்டில் இது ஒன்று. அதுவும் தப்பாகப் போனதுதான் கூத்து.

அன்றைக்குக் காக்பேனியில் தங்கினோம். கோயிலுக்குக் கீழே கடைசிப் பெரிய ஊர். விடுதி நடத்துகிற அம்மாளை எல்லாரும் தீதி என்றார்கள், அக்கா என்று அர்த்தம். நெருப்புச் சட்டியைக் காலடியில் வைத்துக் கோதுமை மாதிரி ஏதோ கறுப்பு மாவில் ரொட்டி சுட்டுக் கொடுத்தார். கோமு அக்கா அதற்கு இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் வைத்தார். தீதி ஒரு விள்ளல் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பொடி டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மறுநாள் திட்டம் சுலபமானது. விடிந்ததும் மேலே போக வேண்டும், தரிசனம், காற்று எழும்புவதற்கு முன் இறங்கிவிட வேண்டும், அப்படியே ஊருக்குத் திரும்பும் வழி.

காலையில் வாளியில் இருந்த தண்ணீர் கல்லாகியிருந்தது. நான் பயப்படவில்லை. ஐஸ் மூட்டைக்குள் கிடந்து எழுந்த வண்டி என்று எல்லாரிடமும் பெருமை பேசியிருந்தேன். சாவியைத் திருப்பினேன், ஹீட்டர் விளக்கு எரிந்து அணைந்தது. செல்ஃப் நன்றாகச் சுற்றியது. பேட்டரியில் குறையில்லை. ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. ஒரு இருமல், அவ்வளவுதான். மறுபடியும் அடித்தேன். புகைகூட வரவில்லை.

பயணிகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். அவர்களுக்கு என்மேல் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடம். எங்கிருந்தோ இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. வெயில் வந்தால் உங்கள் வண்டி தானாகக் கிளம்பும், மத்தியானம் ஆகும் என்றார் ஒரு ஜீப் டிரைவர். மத்தியானம் என்றால் காற்று. அதற்குள் இவர்கள் தரிசனம் முடித்து இறங்கிவிடுவார்கள், உடனே கிளம்ப வேண்டும். டீச்சர் நான் வேண்டுமானால் இருக்கிறேன் என்றார். நீங்கள் வந்ததே சேவிக்கத்தானே, ஏறுங்கள் என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். கோமு அக்கா மட்டும் என்கூட நின்றுகொண்டார். ஜீப்புகள் போயின.

வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. இருபது வருஷமாகப் பார்த்த அதே காட்சி, ஜனங்கள் மேலே, இவரும் வண்டியும் கீழே. அதைக் கட்டில் போட்டு இத்தனை தூரம் தூக்கிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறேன்.

குளிருக்கு உதடு வெடித்து ரத்தம் வந்தது. பையில் இருந்த தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தேன். வரவில்லை. வெள்ளையாக உறைந்து கிடந்தது. நம் ஊரில் மார்கழியிலேயே உறைகிற எண்ணெய், இங்கே கேட்கவா வேண்டும். உள்ளங்கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே நின்றவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. டீசலும் எண்ணெய்தானே!

ஓடிப்போய் டீசல் பில்டரைக் கழற்றினேன். உள்ளே டீசல் இல்லை. மாவு கரைத்து வைத்த மாதிரி கொழகொழவென்று அடைத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எங்கள் புத்திசாலித்தனம் புரிந்தது. நானும் பாயும் என்ஜினுக்குத்தான் ஐஸ் வைத்தோம். டேங்க் பின்னால் கிடந்து சித்திரை வெயில் ஊரின் டீசலோடு சுகமாகத் தூங்கியது. அடிவாரத்தில் நிரப்பியதும் அதே மாதிரி வெயில் ஊர் டீசல்தான்; அது குளிரில் உறையும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஜோம்சோமில் அந்த மனுஷர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தது கலப்படம் செய்ய அல்ல. மண்ணெண்ணெய் கலந்தால் டீசல் உறையாது. நல்லது சொல்ல வந்தவரை நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன்.

தீதியிடம் சைகை காட்டினேன். மட்டிதேல் என்றதும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து ஒரு கேனைக் கொண்டுவந்து வைத்தார். கோமு அக்கா இட்லிக் கொப்பரையில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். கேனை நான் தூக்கிக்கொண்டு போவதைக் கட்டிலிலிருந்து அவர் மோப்பம் பிடித்துவிட்டார்.

"என்னட்டி அது? மண்ணெண்ணெயா?"

ஆமாம் என்றேன். டீசல் உறைந்துவிட்டதைச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. பாதி உடம்பு செத்த மனுஷருக்கு அத்தனை சத்தம் எங்கிருந்து வந்ததோ.

"இந்த வண்டிக்கு ஒரு சொட்டு ஊத்தவிட்டதில்ல நான். எம் பேச்சக் கேக்காம ஊத்துன, இப்பமே வண்டிய விட்டு எறங்கிப் போயிருவேன்."

"எறங்கித்தான் பாருங்களேன்" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. கோமு அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். எழுந்து நிற்க முடியாத மனுஷரிடம் சொல்கிற சொல்லா அது? அவர் என்னைப் பார்த்தார். இடப்பக்கத்து உதடு லேசாக ஏறியது. பிறகு அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இருவது வருசமா எல்லாரும் மேல போனாவ, நீங்க கீழ கெடந்திய. இன்னைக்கும் கெடக்கணுமா? ஒரே வார்த்தை சொல்லுங்க. வேண்டாம்னா கேனத் திருப்பிக் குடுத்திருதேன்."

அவர் கூரையைப் பார்த்தார். வெளியே கொப்பரைத் தண்ணீர் கொதித்துத் தளதளத்தது.

"கூட ஒரு டம்ளர் ஆயிலும் ஊத்து. வெறும் மண்ணெண்ணெய்க்குப் பம்பு வறண்டுரும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் தரையில் நிற்கவில்லை. பில்டரில் இருந்த கொழகொழப்பை வழித்து எறிந்தேன். கேனில் பிடித்து வைத்த டீசலையும் மண்ணெண்ணெயையும் சரிபாதியாகக் கலந்து, அடுப்புக்கு எட்டாத தூரத்தில் வெந்நீர் வாளிக்குள் கேனோடு இறக்கி வைத்து இளக்கி, பில்டரில் நிரப்பி மாட்டினேன். டேங்க்கில் மிச்ச மண்ணெண்ணெயையும் ஒரு டம்ளர் ஆயிலையும் ஊற்றினேன். கோமு அக்கா தன் பழைய சேலையைக் கிழித்துக் கொப்பரையில் முக்கி முக்கிக் கொடுக்க, டேங்க்குக்கும் டீசல் குழாய்க்கும் ஒத்தடம் கொடுத்தேன். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற மாதிரி செய்கிறாயே என்றார் அக்கா. தீதியும் அவர் வீட்டு ஆண்களும் வேனைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்கள், உள்ளே எல்லாம் நன்றாகக் கலக்கட்டும் என்று. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டிலில் இருந்தவர், லே பைய, லே பைய என்றார். மெதுவாக என்று அவர் சொன்னது அவர்களுக்கு உற்சாகப்படுத்துகிற மாதிரி கேட்டிருக்க வேண்டும், இன்னும் வேகமாக ஆட்டினார்கள்.

கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினேன். குமிழ் நின்று, டீசல் தெளிவாக வந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஹீட்டரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை போட்டேன். சாமி பெயர் எதுவும் ஞாபகம் வரவில்லை. செல்ஃப் அடித்தேன். சுற்றியது, இருமியது, ஒரு சிலிண்டர் பிடித்தது, வண்டி கிடந்து உதறியது, இரண்டாவது பிடித்தது. வெள்ளைப் புகை முற்றம் முழுக்க நிறைந்து தீதியை மறைத்துவிட்டது. நாலும் பிடித்ததும் அந்தச் சத்தம் ஒரே சீராக வந்தது. எங்கள் வீட்டு வாசலில் வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம். பின்னால் திரும்பிப் பார்த்தேன். இந்த ஒரு தடவை அவர் கியர் எதுவும் சொல்லவில்லை.

மேலே போகிற ரோடு நல்ல தார் ரோடு. மரமில்லாத மலைகள், பழுப்பும் சிவப்புமாக. அதற்கு அந்தப் பக்கம் பனி. நான் இரண்டாம் கியரில் வைத்து ஏற்றினேன். வழியில் யாக் மாடுகள் நின்றன. நம் ஊர் எருமைக்குக் கம்பளி போர்த்திய மாதிரி இருக்கும். என்ஜின் சத்தத்துக்கு அவை ஒதுங்கின. டீசலோடு மண்ணெண்ணெய் வாடையும் வந்துகொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஓட்டுத வேலையப் பாரு என்றார்.

வண்டிகள் நிற்கிற இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் பயணிகள் தரிசனம் முடித்து ஜீப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். டீச்சர்தான் முதலில் பார்த்தார். பேச்சி வந்துட்டா என்று கணக்கு வகுப்பில் கத்துகிற குரலில் கத்தினார். அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். வண்டி கிளம்ப மத்தியானம் ஆகும் என்ற ஜீப் டிரைவர், டயரிலிருந்து கூரை வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, தமிழ்நாட்டு நம்பர் வண்டி இங்கே நான் பார்த்ததே இல்லை என்றார். நான் தோளை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன். பெருமைப்படாதே என்றால் எப்படி?

என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி எடுக்குமோ என்ற பயம். ஓடிக்கொண்டே நிற்கட்டும், நான்கு பேர் நாற்காலியில் கட்டி இவரைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பேசி முடித்தோம். அவர் மாட்டேன் என்றார்.

"ஓடவிட்டுட்டுப் போனா வண்டி மேல நம்பிக்கை இல்லன்னுல்லா அர்த்தம். அணைச்சிரு."

எல்லாரும் வேண்டாம் என்றார்கள். ஜீப் டிரைவர்கூடத் தலையை ஆட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அணைத்தேன்.

கோயிலில் சுவரோடு வரிசையாகப் பசுமுக வாய்களிலிருந்து ஐஸாகத் தண்ணீர் கொட்டியது. உள்ளங்கையில் பிடித்து அவர் தலையில் தெளித்தேன். சன்னிதியில் நாற்காலியோடு நிறுத்தி வைத்தார்கள். இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வருவதற்குள் என்ஜின் ஆறிவிட்டது. கையை வைத்துப் பார்த்தால் சில்லென்றிருந்தது. வண்டிக்குள் ஏற்ற வந்தவர்களை அவர் தடுத்தார். தன்னை வேனுக்கு எதிரே, வெளியில், நாற்காலியோடு வைக்கச் சொன்னார். வைத்தார்கள். சரிந்துவிடாமல் டீச்சர் ஒரு பக்கமும் கோமு அக்கா ஒரு பக்கமும் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் ஜீப்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"ம், எடு" என்றார்.

ஏறினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம், அதற்குப் பின்னால் பனிமலை. ஹீட்டரைப் போட்டுப் பொறுத்தேன். செல்ஃப் அடித்தேன். சுற்றியது, சுற்றியது, பிடித்தது.

அவர் இடது கையைப் பையத் தூக்கினார். நெற்றியில் வைத்து, ரோட்டில் எதிரெதிரே போகிற டிரைவர்கள் ஒருத்தருக்கொருத்தர் வைப்பார்களே, அந்த மாதிரி எனக்கு ஒரு சலாம் வைத்தார்.

நான் பதிலுக்கு ஹார்னை அழுத்தினேன். அழுத்திய கையை எடுக்க எனக்கு மனசே வரவில்லை.